கூலி: ஒரு பி.டி.எஃப்.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் என் நண்பர் ஒருவர் பலகாரக் கடை வைத்திருக்கிறார். கை முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா. சரக்கு சுத்தம். குறை சொல்ல முடியாது. வேலைக்கு ஐந்து பேர்: இரண்டு மாஸ்டர்கள், முறுக்கு சுற்றும் இரண்டு பெண்கள், டெலிவரிக்கு ஒரு பையன். போன ஆவணியில் ஒரு நாள் காலை நடையின்போது அவர் அறிவித்தார்.

"சார், ஒரு இன்டர்ன் எடுக்கலாம்னு இருக்கேன். ரிமோட்."

ரிமோட் என்றால் என்ன என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நாற்காலி வாங்க வேண்டாம். ஃபேன் போட வேண்டாம். பதினோரு மணிக்கு டீ சொல்ல வேண்டாம். ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் முதல் தேதியில் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அந்தத் தொல்லையும் இல்லை.

என்ன வேலை என்று கேட்டேன். இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். போஸ்டர் போட வேண்டும். ரீல்ஸ் எடிட் பண்ண வேண்டும். வெப்சைட் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லை எக்செலில் ஏற்ற வேண்டும். தமிழ், இங்கிலீஷ் கட்டாயம், இந்தி இருந்தால் நல்லது. நான்கு பேர் வேலை. ஆள் ஒன்று.

"சம்பளம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது. "சார், இது இன்டர்ன்ஷிப். பசங்களுக்கு அனுபவம் கிடைக்கும்ல?"

அனுபவம். நாளைக்கு நான் அவர் கடைக்குப் போய் அரைக் கிலோ அதிரசத்தைக் கட்டச் சொல்லி, "காசு இல்லை, ஆனால் உங்களுக்கு என்னைப் போன்ற வாடிக்கையாளரைக் கையாண்ட அனுபவம் கிடைக்கும்" என்றால் விடுவாரா? மாவு மில்லில் அனுபவத்துக்கு அரைத்துத் தருகிறார்களா? எண்ணெய் மண்டியில் அனுபவத்துக்கு டின் தூக்கித் தருகிறார்களா? எல்லாரிடமும் காசு கொடுத்து வாங்கத் தெரிந்த மனுஷனுக்கு, இருபது வயதுப் பிள்ளையின் உழைப்பு என்றதும் மட்டும் கல்விச் சேவை ஞாபகம் வருகிறது.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த விளம்பரத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். 'வேகமாக வளர்ந்துவரும் உணவுத் துறை ஸ்டார்ட்அப்' என்பது என் கைவண்ணம். பலகாரக் கடைக்காரர் 'ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.' ஆனதும் என் பேனாவில்தான். சம்பளம் என்ற இடத்தில், 'தகுதியானவர்களுக்குச் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும்.' சட்டப்படி ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கேவலம்.

சனிக்கிழமை ராத்திரி போட்டோம். ஞாயிறு விடிவதற்குள் அவர் போன் சூடாகிக் கிடந்தது. பெருங்களத்தூரைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் கல்லூரிகள், அத்தனை கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். பி.டெக். செயற்கை நுண்ணறிவு, மூன்றாம் ஆண்டு. எம்.பி.ஏ. எம்.காம். ஒரு பையன் மெஷின் லேர்னிங்கில் அதிரச விற்பனையை முன்கூட்டியே கணித்துத் தருகிறேன் என்று எழுதியிருந்தான். நண்பர் அதைப் படித்துவிட்டு, "அதை எங்க ஆயாவே சொல்லும்" என்றார்.

பிள்ளைகள் இப்படி விழுந்தடித்து வருவதற்குக் காரணம் அதிரசத்தின் மேல் காதல் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் மாணவனுக்கு 14 முதல் 20 கிரெடிட், அதாவது 600, 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்கிறது. எண்ணம் தங்கமானது. பிள்ளை பட்டறையைப் பார்க்கட்டும், எண்ணெய்க் கறை படட்டும். சரி, பட்டறை எங்கே? அதைத் தேடிக் கொடுப்பது யார்? ஃபீஸ் வாங்கும் ஜன்னல் கல்லூரிக்குச் சொந்தம். பயிற்சி தேடும் பாடு பிள்ளைக்குச் சொந்தம். 'பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்' என்று தனியாக ஒரு ரசீது போடுகிறார்களே, அது எதற்கு என்று கேட்டால் ஹெச்.ஓ.டி. மீட்டிங்கில் இருப்பார்.

ஒரு நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு காகிதம் கட்டாயம் என்று சொன்னால் என்ன ஆகும்? பயிற்சி பெருகாது. காகிதம் பெருகும்.

பெருகியிருக்கிறது. சிட்லப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் ஆண்டு. அவள் போனில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். ஆறாவது நிமிஷம் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. நேர்காணல் கிடையாது. முகம் பார்த்தவர் கிடையாது. கடிதத்தின் தலையில் கோயில் உண்டியல் போல வரிசையாக முத்திரைகள். ஐ.எஸ்.ஓ.வாம், எம்.எஸ்.எம்.இ. பதிவாம். உத்யம் பதிவு என்பது ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்வது. எங்கள் பலகாரக் கடையிடமே இருக்கிறது. இவர்கள் அதைக் கல்வெட்டு மாதிரி பொறித்திருக்கிறார்கள்.

முதல் கட்டளை: இந்த ஆஃபர் லெட்டரை லிங்க்ட்இன்னில் போட்டு, எங்களை டேக் செய்து, மகிழ்ச்சியைத் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே மகிழ்ச்சி கட்டாயம். சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டும் பையனுக்குக்கூட ராத்திரிக் கூலியும் டீயும் உண்டு. இவள் தன் முகத்திலேயே ஒட்டிக்கொண்டாள், இலவசமாக.

பிறகு மூன்று 'டாஸ்க்'. ஒரு கால்குலேட்டர் செய்யவும். ஒரு டு-டூ லிஸ்ட் செய்யவும். தன்னைப் பற்றி ஒரு வெப் பேஜ் செய்யவும். இந்த மூன்றையும் போன வருஷத்துப் பிள்ளைகள் செய்து இணையத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள். காப்பி அடித்தாலும் கேட்க ஆளில்லை. பார்க்கவே ஆளில்லை. இந்த நாட்டில் மனிதர்களைவிடக் கால்குலேட்டர்கள் அதிகமாகியிருக்கும். ஒன்றிலும் யாரும் ஒரு கணக்குப் போட்டதில்லை.

சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் குரூப். நிர்வகிப்பவர் 'டீம் லீட்'. அவரும் இன்டர்ன். அவரை எடுத்தவர் ஹெச்.ஆர். அவரும் இன்டர்ன். ஹெச்.ஆர். இன்டர்னின் வேலை, இன்னும் இன்டர்ன்களைச் சேர்ப்பது. சம்பளம் வாங்கும் ஒரே ஆள் யார் என்று கண்டுபிடிக்க அந்தப் பெண் ஒரு மாதம் முயன்றாள். கிடைக்கவில்லை. ஏணிப்படி மட்டும் இருக்கும் வீடு அது. மாடி கிடையாது.

கடைசியில் சான்றிதழ். அதற்கு முன் ஒரு சின்ன லிங்க்: சரிபார்ப்புக் கட்டணம் 199 ரூபாய்.

அன்று ராத்திரி அப்பா கேட்டிருக்கிறார். "எவ்ளோம்மா தர்றாங்க?"

"நாமதான்பா தரணும்."

அவர் கொடுத்துவிட்டார். சவாரிக் காசிலிருந்து எண்ணிக் கொடுத்தார். படிப்புச் செலவு என்று நினைத்துக்கொண்டாராம். நினைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துக் களவு என்று யாரும் ஏமாற வேண்டாம். நமக்கு 'ப்ராஜெக்ட் சென்டர்' தெரியும். கடைசி வருஷப் ப்ராஜெக்டை, பைண்டிங்கோடு, வைவாவுக்குக் கேள்வி பதிலோடு, தீபாவளித் துணி மாதிரி அடுக்கிவைத்து விற்ற கடைகள். 'இன்பிளான்ட் ட்ரெயினிங்' என்று சொல்லி, ஃபாக்டரி கேட் முன்னால் குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்ததும் தெரியும். வியாபாரம் அதேதான். 2020 ஊரடங்கில் போர்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். முன்பு கேட் வரைக்குமாவது பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. இப்போது கேட்டும் இல்லை.

நானும் பயிற்சி ஆளாக இருந்தவன்தான். கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸ். தாம்பரத்தில் சீசன் டிக்கெட் எடுத்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் போவேன். ஃபோர்மேன் வாயைத் திறந்தால் வசவு. அரத்தைத் தப்பாகப் பிடித்தால் கையைத் தட்டிவிட்டு, தானே பிடித்துக் காட்டுவார். ஒரு தகட்டை மட்டமாக ராவ மூன்று வாரம் ஆயிற்று எனக்கு. மாதக் கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்குவேன். சொற்பம்தான். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்துச் செலவழித்தாள். அந்த ஃபோர்மேன் என்னைத் திட்டுவதற்காகவாவது என் பெயரைத் தெரிந்துவைத்திருந்தார்.

அப்ரண்டிஸுக்கு 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்டர்னுக்கு அப்படி ஒன்று இல்லை. பெயரை மாற்றினால் சட்டம் ஒட்டாது என்பதை முதலில் கண்டுபிடித்த புத்திசாலிக்கு யாராவது சிலை வைத்திருக்கலாம்.

அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நண்பரிடம் போனேன். குற்ற உணர்ச்சி என்றும் சொல்லலாம். "இதோ பாருங்க, தரமணியில் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் இருக்கு. படிப்பு முடிச்ச பட்டதாரியைப் பயிற்சிக்கு எடுத்தா, 2019 விதிப்படி மாசம் குறைந்தது 9,000 ரூபாய். அதுல பாதியை மத்திய அரசே திருப்பித் தருது. முப்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்குத்தான் கட்டாயம். நாலு பேர் முதல் 29 பேர் வரை இருந்தா விருப்பப்பட்டா எடுக்கலாம். உங்ககிட்ட அஞ்சு பேர் இருக்காங்க. மாசம் 4,500 ரூபாய் உங்க கையிலிருந்து. கடையில் உட்காரவெச்சு வேலை சொல்லிக் கொடுங்க."

அவர் பொறுமையாகக் கேட்டார். "அதுக்கு ஃபார்ம் நிரப்பணுமா?"

"நிரப்பணும்."

"ஆன்லைன்லயா?"

"ஆமாம்."

யோசித்தார். "அதை நிரப்பறதுக்கு ஒரு இன்டர்ன் போட்டுடலாமா சார்?"

சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. கரண்ட் பில், கடை வாடகை, எண்ணெய் விலை எல்லாம் அவர் கழுத்தைத்தான் நெரிக்கின்றன. ஆனால் அவர் கழுத்து நெரிந்தால் அவர் கை போய்ப் பிடிப்பது, தனக்கும் கீழே இருப்பவனின் கழுத்தை.

மேலே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? திட்டம் போடுகிறார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்: ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு, நாட்டின் முதல் 500 கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப். மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசு தரும். மீதி 500 கம்பெனி, சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. ஆயிரக்கணக்கான கோடி லாபம் பார்க்கும் கம்பெனியின் பங்கு மாதம் ஐநூறு ரூபாய். நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். அந்தக் கம்பெனியின் கேன்டீனில் ஒரு காபி.

அந்த 5,000-ஐ மாதம் 26 நாளால் வகுத்துப் பார்த்தேன். 192 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336. ஏரிக்கரையில் மண் அள்ளும் அம்மாளின் கூலியைவிட, கடன் வாங்கிப் படித்த அவள் பிள்ளைக்கு 144 ரூபாய் குறைவு. அம்மாளுக்கே அந்தக் கூலி பத்தாது என்பது வேறு கதை.

சரி, குறைவாகவாவது கிடைத்ததா? நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. முதல் சுற்றில் 82,000-க்கு மேல் ஆஃபர்கள் போயின. 28,000 சொச்சம் ஏற்கப்பட்டன. கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். வெளியூரில் 5,000 ரூபாயில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, பஸ்ஸில் போய்வர முடியாது என்பதைக் கண்டுபிடிக்கப் பொருளாதார நிபுணர் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரு மேன்ஷன் மேனேஜரைக் கேட்டாலே போதும்.

அந்தச் சுற்றை ஓர் ஆண்டுக் கணக்காக வைத்துக்கொண்டால் ஒரு கோடியை முடிக்க 1,149 ஆண்டு. விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்த 850 வாக்கில் ஆரம்பித்திருந்தால் 1999-இல் முடித்திருக்கலாம். தாமதமாக ஆரம்பித்தது நம் தவறுதான்.

வெளிநாட்டைப் பார்த்து வெட்கப்படலாம் என்றால் அங்கேயும் யோக்கியதை கிடையாது. 2015-இல் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் சபைக்கு இன்டர்னாகப் போன நியூசிலாந்துப் பையன் ஒருவன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினான். சம்பளம் கிடையாது, அந்த ஊர் வாடகை கட்டுப்படியாகாது. உலகத்துக்கே மனித உரிமை பாடம் எடுக்கும் கட்டடத்துக்குத் தினமும் கூடாரத்திலிருந்து டை கட்டிக்கொண்டு போனான். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ரிமோட்.

அந்த ரிமோட்டின் செலவு யாருடையது? லேப்டாப் அப்பாவுடையது, தவணையில் வாங்கியது. நெட் அண்ணன் போன் ஹாட்ஸ்பாட். கரண்ட் வீட்டுக் கணக்கு. ஒற்றை அறை வீட்டில் அம்மா மிக்சியை நிறுத்திவைத்துவிட்டு, பிள்ளை மீட்டிங் முடியும்வரை சட்னி அரைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனி முதலீடு செய்தது ஒரு 'குட் மார்னிங் டீம்'. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் ஏறி, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு பையன் மொட்டை மாடியில் பால் பாக்கெட்டுக்காகப் படகைப் பார்த்து நின்றான். மூன்றாம் நாள் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. வந்து விழுந்த முதல் செய்தி டீம் லீடுடையது: "எனி அப்டேட்?"

பலகாரக் கடைக்கு வருகிறேன். விண்ணப்பம் குவிந்ததும் நண்பருக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். "எல்லாருக்கும் ஒரு டாஸ்க் கொடுங்க. யார் நல்லா பண்றாங்களோ அவங்களை எடுங்க." டாஸ்க்: எங்கள் கடைக்குத் தீபாவளிப் போஸ்டர் ஒன்று செய்து அனுப்பவும். மூன்று நாள் அவகாசம்.

வந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தன, செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் வந்தன. அவர் எனக்கு ஸ்க்ரோல் பண்ணிக் காட்டினார். சிலதில் அவர் கடை லோகோவையே இலவசமாகத் திருத்தியிருந்தார்கள். அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினம் ஒன்றாகப் போட்டார். தீபாவளி வரைக்கும் தீரவில்லை. இன்டர்னை எடுக்கவில்லை. "யாருமே செட் ஆகலை சார்" என்றார். பொய்யில்லை. தேவைப்படும் வேலை முடிந்துவிட்டது. பிறகு எதற்கு ஆள்?

நன்றாக இருந்த ஒன்றை ஃப்ளெக்ஸ் அடித்துக் கேம்ப் ரோடு சிக்னலில் கட்டினார். பள்ளிக்கரணையில் 2019-இல் பேனர் விழுந்து ஒரு பெண் செத்த பிறகு ஃப்ளெக்ஸே கூடாது என்றார்கள். கூடாதுதான். அது பாட்டுக்கு எல்லா இடத்திலும் தொங்குகிறது.

பித்தளைத் தாம்பாளம் நிறைய முறுக்கு. பக்கத்தில் அகல் விளக்கு. வலது ஓரத்தில் ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ. கை கூப்பி நிற்கிறார். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் ஷேர் ஆட்டோ அப்பா சிக்னலில் நின்றபோது நிமிர்ந்து பார்த்திருக்கிறார். தாம்பாளத்தின் விளிம்பில் வெட்டியிருந்த பெயர் பத்தடி ஃப்ளெக்ஸில் நன்றாகவே தெரிந்தது. அந்தக் காலத்தில் கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டித்தானே கொடுப்பார்கள்? அவர் அம்மாவின் பெயர்.

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க ஃப்ரெண்டு கடைதானே அது? பாப்பா வேலையில சேந்துடுச்சா? எங்ககிட்ட சொல்லவே இல்ல." பெண் தலை நிமிரவில்லை. "எடுக்கலப்பா" என்றாள். அந்த முறுக்கைக் கடையில் வாங்கி, பாட்டி தட்டில் வைத்து, ஜன்னல் பக்கம் போட்டோ எடுத்தாளாம். நாற்பது ரூபாய் முறுக்கு.

நண்பருக்கு போன் போட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் முழுக்கக் கேட்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. குரலில் தெரிந்தது.

"ஐயோ, நம்ம ஆட்டோக்காரர் பொண்ணா? முன்னாடியே சொல்லக் கூடாதா சார்" என்றார். "சரி விடுங்க, பாவம். அந்தப் பொண்ணுக்கு ஒரு சர்டிபிகேட் போட்டுக் கொடுத்துடலாம். நீங்களே நல்லா நாலு வரி எழுதிக் கொடுங்க."